சோலரும் ஹீட் பம்பும் சேர்ந்த சுடுதண்ணீர்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது எப்படி

கொழும்பில் யாரும் வீட்டைச் சூடாக்குவதில்லை. மார்கழி மழையிலும் அறைக்குள் 26, 27 பாகை இருக்கும். ஆனால் வயதானவர்கள் குளிப்பதற்கு, லொட்ஜ் அறைகளுக்கு, கல்யாண மண்டபத்துக் குசினியில் எண்ணெய்ப் பாத்திரம் கழுவுவதற்கு என்று சுடுதண்ணீர் வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து மொட்டை மாடிகளில் இப்போது சோலர் டியூப் வரிசையும், அதற்குப் பக்கத்தில் ஏசியின் வெளிப்பெட்டி மாதிரி, காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஒரு ஹீட் பம்பும் சேர்ந்தே நிற்கின்றன. சில வீடுகளில் டியூப் இல்லை. கரண்ட் எடுக்கும் சோலர் பேனலும் ஹீட் பம்பும்தான். இந்த இரண்டு வகைக்கும் பொருந்துவதாகத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

குளிர் நாடுகளில் ஹீட் பம்ப் நிலத்தைத் துளைத்து அங்கிருந்து வெப்பம் எடுப்பதும் உண்டு. மாசி மாதத்தில் வெளிக்காற்று பூச்சியத்துக்குக் கீழே போனாலும், நிலத்தின் ஆழத்தில் 10 பாகை அளவு இருக்கும். அதனால் அங்கே அது லாபம். கொழும்பில் நிலத்தின் சூடும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்றிலிருந்து சும்மா எடுக்கக்கூடிய வெப்பத்துக்காக இங்கே துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒரே தண்ணீரைச் சூடாக்க இரண்டு சாதனங்கள் இருக்கும்போது, முறைப்பாடுகளில் பெரும்பங்கு பொருள் பழுதால் வருவதில்லை. யார் எப்போது வேலை செய்வது என்ற ஒழுங்கு குழம்புவதால்தான் வருகிறது. அதனால் ‘காஸ் போயிட்டுது’ என்று யாராவது சொல்லுமுன் டைமரையும் சென்சரையும் பார்த்துவிடுங்கள்.

தொடங்குமுன்

பெட்டியைத் திறப்பதென்றால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் தனி சுவிட்சை (ஐசொலேட்டர்) அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்துத் திறக்கவும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் கொஞ்ச நேரம் நிற்கும். காஸ் குழாயில் நீங்கள் கைவைக்க வேண்டாம். புதிய பெட்டிகளில் வரும் ஆர்32, ஆர்290 என்ற காஸ் வகை இரண்டும் தீப்பற்றக்கூடியவை. டியூப்பையும் அதன் இணைப்புக் குழாயையும் வெயில் நேரத்தில் வெறுங்கையால் தொடக்கூடாது.

ஒரு கணக்கு மட்டும் மனதில் இருக்கட்டும். ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 1.163 வாட் மணி வேண்டும். 200 லீட்டரை 27 பாகையிலிருந்து 55 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 6.5 அலகு. தாங்கிக்குள் இருந்து கரண்டில் நேரே சூடாக்கும் சாதாரண எலிமென்ட் அந்த ஆறரை அலகையும் மீற்றரிலிருந்துதான் எடுக்கும். நல்ல நிலையில் உள்ள ஹீட் பம்ப் நம் காலநிலையில் அதில் நாலில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ எடுத்து அதே வேலையை முடிக்கும். சோலர் டியூப் நல்ல வெயில் நாளில் எதுவுமே எடுக்காது. இந்த மூன்றில் எது உங்கள் தண்ணீரைச் சூடாக்குகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

“சோலர் போட்டும் கரண்ட் பில் குறையவில்லை”

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். பலர் பேனலையோ டியூப்பையோ சந்தேகிப்பார்கள். நான் முதலில் போய் நிற்பது மீற்றர் முன்னால்.

வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சுடுதண்ணீர் சாதனத்தை மட்டும் ஓடவிடுங்கள். டிஜிட்டல் மீற்றரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஓர் அலகுக்கு எத்தனை தரம் மின்னும் என்பது மீற்றர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1000 என்று இருந்தால், ஒரு கிலோவாட் ஓடும்போது மூன்றரை வினாடிக்கு ஒரு தரம் மின்னும். வீட்டு ஹீட் பம்ப் பொதுவாக ஒரு கிலோவாட்டுக்கு உள்ளேதான் எடுக்கும், ஆகவே மின்னல் அதே வேகத்திலோ அதைவிட மெதுவாகவோ இருக்க வேண்டும். வினாடிக்கு ஒன்று என்று படபடவென மின்னினால், உள்ளே இருக்கும் 3 கிலோவாட் எலிமென்ட் ஓடுகிறது. அதை யாராவது ஒரு மழை நாளில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், அல்லது ஹீட் பம்பின் அமைப்பில் ‘துணை ஹீட்டர்’ தானாக வரும்படி விடப்பட்டிருக்கும். அணைத்துவிட்டு அடுத்த பில்லைப் பாருங்கள். சோலர் பேனல் இருக்கும் வீட்டில் இந்தச் சோதனையை இரவில் செய்ய வேண்டும். பகலில் பேனல் தரும் கரண்டும் கலந்து கணக்கைக் குழப்பும்.

எலிமென்ட் ஓடவில்லை, ஹீட் பம்ப்தான் ஓடுகிறது என்றால், எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று பாருங்கள். டியூப் உள்ள வீடுகளில் நடப்பது இதுதான்: காலை ஆறரைக்கு வரிசையாக எல்லோரும் குளிக்கிறார்கள். தாங்கியின் அடியில் பச்சைத்தண்ணீர் வந்து நிரம்புகிறது. சென்சர் அடியில்தான் இருக்கிறது, அது உடனே ஹீட் பம்பை எழுப்புகிறது. ஒன்பது மணிக்குள் தாங்கி முழுக்க 55 பாகை. பத்து மணிக்கு வெயில் ஏறும்போது சோலருக்குச் செய்ய வேலையே இல்லை. மாலையில் வீட்டுக்காரர் ‘சோலர் நல்லா வேலை செய்யுது, தண்ணி கொதிக்குது’ என்கிறார். சூடாக்கியது ஹீட் பம்ப்.

இதற்குத் தீர்வு டைமர்தான். டியூப் இருந்தால், ஹீட் பம்பைக் காலையில் பூட்டிவைத்துப் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு விடுங்கள். அந்நேரத்துக்கு வெயில் தன்னால் முடிந்ததைக் கொடுத்திருக்கும். குறை இருந்தால் ஹீட் பம்ப் நிரப்பும். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானம் இடி மழை வந்துவிடும், அப்போதும் இந்த ஒழுங்கு சரியாகவே இருக்கும். டியூப் இல்லாமல் கரண்ட் பேனல் மட்டும் என்றால் நேரம் மாறும்: காலை பதினொன்றுக்கும் மத்தியானம் இரண்டுக்கும் இடையில் ஓடவிட வேண்டும். நேரத்துக்கேற்ற கட்டணத்தில் இருப்பவர்கள் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எந்தக் காரணத்துக்காகவும் ஓடவிடக்கூடாது. அதுதான் விலை கூடிய நேரம்.

2016 இல் தொடங்கிய சூரியபல சங்கிராமம் என்ற கூரை சோலர் திட்டத்தில் இணைந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் கொடுத்த அலகை இரவில் அப்படியே திருப்பி எடுக்கும் முறையில் இருந்தால், ஹீட் பம்ப் எந்நேரம் ஓடினாலும் அலகுக் கணக்கு ஒன்றுதான். கொடுக்கும் அலகுக்குப் பணம் வாங்கும் முறை என்றால், விற்கும் விலையையும் வாங்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. ஆனால் பொதுவாக, மத்தியானக் கரண்டைத் தாங்கிக்குள் சூடாகப் போட்டு வைப்பது எனக்குப் பிடித்த வழி. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின் தேவை குறைவு என்பதால் பகலில் கூரை சோலரை அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். பற்றரி வாங்கக் கொடுக்கும் காசை எண்ணிப் பார்த்தால், ஆறு அலகு வெப்பத்தை ராத்திரி வரை வைத்திருக்கும் 200 லீட்டர் தாங்கி மிக மலிவு.

இன்னும் குறையவில்லையா? சூட்டு அளவைப் பாருங்கள். 65 என்று வைத்திருந்தால் 55க்கு இறக்குங்கள். ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் ஹீட் பம்ப் சுமார் 2 சதவீதம் அதிக கரண்ட் கேட்கும். ஆனால் 50க்குக் கீழே நிரந்தரமாக வைக்க வேண்டாம். 20க்கும் 45க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், நுரையீரலுக்குக் கெடுதல். வாரத்தில் ஒரு தரம் 60க்கு ஏற்றிவிடும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. லொட்ஜ் நடத்துபவர்கள் அதைக் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும். 60 பாகைத் தண்ணீர் சில வினாடிகளிலேயே தோலைப் பொசுக்கிவிடும் என்பதால், அங்கே குளியலறைக்குப் போகும் குழாயில் கலப்பு வால்வும் இருக்க வேண்டும்.

“மேலே சோலர் தாங்கி கொதிக்கிறது, கீழே ஹீட் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது”

சோலர் தாங்கி வேறு, ஹீட் பம்ப் தாங்கி வேறு என்று இரண்டு தாங்கிகள் உள்ள இடங்களில் வருவது. முதலில் குழாய் எப்படிப் போகிறது என்று கையால் தடவிப் பாருங்கள். பச்சைத்தண்ணீர் முதலில் சோலர் தாங்கிக்குள் போய், அதன் சூடு ஹீட் பம்ப் தாங்கிக்குள் வந்து, அங்கிருந்து குளியலறைக்குப் போக வேண்டும். தலைகீழாக இணைத்திருப்பதை நிறையக் கண்டிருக்கிறேன். அப்படியென்றால் பிளம்பருக்கு அரைநாள் வேலை, வேறு வழி இல்லை.

இணைப்பு சரியாக இருந்தும் இப்படி நடக்கிறதா? யாராவது பைப்பைத் திறந்தால்தானே மேலே உள்ள சூடு கீழே வரும்? விருந்தினர் இல்லாத பகலில் யாரும் திறப்பதில்லை. கீழ்த் தாங்கி மெல்ல ஆறுகிறது, ஹீட் பம்ப் அதைக் கரண்டில் சூடாக்குகிறது, மேலே இலவசச் சூடு சும்மா கிடக்கிறது. இரண்டு தாங்கிக்கும் இடையில் ஒரு சிறு சுற்றோட்டப் பம்பும் சூட்டு வித்தியாசம் பார்த்து இயக்கும் கொன்ட்ரோலரும் போட்டால் சரி. மேலே 7, 8 பாகை கூடினால் ஓட, 3, 4 பாகைக்கு இறங்கினால் நிற்க என்று வைக்கலாம். வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை. பெரிய லொட்ஜுக்கும் விடுதிக்கும் தேவை.

“காலையில் பச்சைத்தண்ணீர், பின்னேரம் நல்ல சூடு”

இரவில் சூடு எங்கோ போகிறது. தூங்கப் போகுமுன் தாங்கியின் சூட்டைக் குறித்து, காலையில் யாரும் பைப் திறக்குமுன் மறுபடி பாருங்கள். நாலைந்து பாகை இறங்குவது சாதாரணம். பத்துப் பதினைந்து இறங்கினால், மூன்றில் ஒன்று.

ஒன்று, லொட்ஜ் மாதிரி இடங்களில் சுடுதண்ணீரைக் குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கும் பம்ப். அது இரவு முழுக்க ஓடினால், மூடப்படாத குழாய் முழுவதும் கட்டடத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். கொழும்பில் யாருக்கு வேண்டும் அது! இரவு பதினொன்றுக்கு நிறுத்தி அதிகாலை ஐந்துக்குத் தொடங்கும்படி வையுங்கள்.

இரண்டு, தட்டையான சோலர் தட்டில் எதிர்ச் சுற்று. பகலில் தட்டில் சூடான தண்ணீர் தானாக மேலேறித் தாங்கிக்குப் போகும். தாங்கியின் அடிப்பக்கம் தட்டின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருந்தால்தான் இரவில் இது திரும்பி ஓடாது. இடமில்லை என்று தாங்கியைக் கீழே இறக்கி வைத்த வீடுகளில், இரவில் தட்டு ஆற ஆற, சூடு திரும்பிப் போய்விடும். தாங்கியை உயர்த்துங்கள், முடியாவிட்டால் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் நொன் ரிட்டர்ன் வால்வு போடுங்கள். பம்ப் வைத்துச் சுற்றும் அமைப்பில் இதே வேலையைக் கெட்டுப்போன சென்சர் செய்யும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்று, தண்ணீர் கலப்பது. இதற்குத் தனியாகவே ஒரு தலைப்பு வேண்டும்.

“பச்சைத்தண்ணீர் பைப்பில் சூடு வருகிறது” அல்லது “மாடியில் காற்றுக் குழாயால் தண்ணீர் கொட்டுகிறது”

குளியலறைக்குப் போய், டாய்லெட் ஹேண்ட் ஷவரைப் பாருங்கள். அது சுடு, பச்சை இரண்டும் கலக்கும் டப்பில் இணைக்கப்பட்டிருக்கும். டப்பைத் திறந்தபடியே விட்டு, கைப்பிடியில் உள்ள விசையை மட்டும் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். வெளியே தண்ணீர் வராது. ஆனால் டப்புக்குள் இரண்டு குழாயும் ஒன்றாகத் திறந்திருக்கிறது. அழுத்தம் கூடிய பக்கம் குறைந்த பக்கத்துக்குள் தள்ளும். பச்சைத்தண்ணீருக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்ட வீட்டில் அது சுடுதண்ணீர்க் குழாய் வழியே ஏறி சோலர் தாங்கியை நிரப்பி, தாங்கியின் மேலே திறந்து நிற்கும் காற்றுக் குழாயால் மொட்டை மாடியில் கொட்டும். வீட்டுக்காரர் ‘தாங்கி லீக்’ என்று அழைப்பார்.

சோதிக்கும் வழி எளிது. தாங்கிக்குப் பச்சைத்தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். ஒரு சுடுதண்ணீர் பைப்பைத் திறந்து வையுங்கள். சிறிது நேரத்தில் ஓட்டம் நின்றுவிட வேண்டும். வெதுவெதுப்பாகவோ பச்சையாகவோ தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், எங்கோ இரண்டும் கலக்கிறது. ஒவ்வொரு குளியலறையாக மூடிக்கொண்டு போங்கள். எதை மூடும்போது நிற்கிறதோ அங்கேதான் குற்றம். ஒரே நெம்புகோலால் இயங்கும் டப்பின் உள்ளே இருக்கும் காட்ரிஜ் தேய்ந்தாலும் இதே கதைதான். கலப்பு டப்புகளுக்கு முன்னால் நொன் ரிட்டர்ன் வால்வு போட்டால் திரும்ப வராது. அதோடு, வீட்டில் எல்லோருக்கும் டப்பை மூடச் சொல்லுங்கள்.

“ஹீட் பம்ப் ஓடுகிறது, சூடு ஏறவில்லை”

முதலில் மின்விசிறியிலிருந்து வரும் காற்றில் கையை வையுங்கள். உள்ளே போகும் காற்றைவிட 5 பாகையாவது குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஏசி காற்று மாதிரி உணர்வு.

காற்று குளிர்ச்சியாக, நன்றாக வருகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை என்றால் வெப்பம் எடுக்கப்படுகிறது, தாங்கிக்குப் போய்ச் சேரவில்லை அல்லது சேர்ந்த கையோடு செலவாகிறது. தண்ணீரைச் சுற்றும் பம்பில் காற்று அடைத்திருக்கலாம், வடிகட்டி அடைபட்டிருக்கலாம். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் பாவிக்கும் வீடு என்றால் உள்ளே வெப்பம் மாறும் சுருளில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். நகர சபைப் பகுதிக்கு வரும் ஆற்று, நீர்த்தேக்கத் தண்ணீரில் இந்தத் தொல்லை குறைவு. மேலே சொன்ன கலப்புப் பிரச்சினையையும் மறக்க வேண்டாம்.

காற்று குளிர்ச்சியாக இல்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது என்றால் கொம்பிரசர் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருக்கலாம், மலிவான பொருள், ஏசி திருத்துபவர் மாற்றுவார்.

காற்றே குறைவாக வருகிறது என்றால் பெட்டியில் காற்று புகும் பக்கத்துச் சுருளைப் பாருங்கள். மரைன் டிரைவ் பக்கத்து மாடிகளில் உப்புக் காற்று அலுமினியத் தகடுகளில் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் உதிரும். புழுதியும் உப்பும் சேர்ந்து தகடுகளுக்கிடையில் காற்று போகாமல் அடைத்துவிடும். பெட்டியை அணைத்து, சாதாரண குழாய்த் தண்ணீரால் மெதுவாக மேலிருந்து கீழே கழுவுங்கள். கார் கழுவும் பிரஷர் மெஷினைக் கொண்டுவர வேண்டாம், தகடு மடிந்தால் முடிந்தது. கடலோரத்தில் மாதம் ஒரு தரம் கழுவினாலும் அதிகம் இல்லை. தகடு கையோடு உதிர்ந்து வரும் நிலைக்கு வந்துவிட்டால் சுருளை மாற்றுவதுதான் வழி. காஸ் நிரப்பி நிரப்பிக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து, பெட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடுக்குமாடிகளில் மூடிய பால்கனியிலோ குறுகிய சேர்விஸ் இடைவெளியிலோ வைத்திருந்தால், தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும். ஒரு பக்கமாவது திறந்த வெளி வேண்டும்.

“சுருளில் ஐஸ் படிகிறது”

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஐஸ் படிவது வழக்கம், பெட்டி தானே உருக்கிக்கொள்ளும். 27 பாகைக் காற்றில் ஐஸ் படிந்தால் அது வானிலையால் அல்ல. ஒன்று காற்றோட்டம் இல்லை, அல்லது காஸ் குறைந்திருக்கிறது. சுருள் முழுக்கப் படிந்தால் முதலில் அழுக்கையும் விசிறியையும் பாருங்கள். சுருளின் ஒரு மூலையில் மட்டும் படிந்து, மற்றப் பக்கம் காய்ந்து சூடாக இருந்தால் காஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். கசிந்த இடத்தை அடைக்காமல் காஸ் மட்டும் விடுகிறேன் என்பவரை விட வேண்டாம். அது சில மாதங்களில் திரும்ப வரும்.

“பெட்டிக்கு அடியில் தண்ணீர்”

பெரும்பாலும் பழுதே இல்லை. நம் ஊர் ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் பட்டு வடியும் தண்ணீர் அது. ஓடும்போது மட்டும் சொட்டி, நின்றதும் நிற்கிறது, தொட்டால் குளிர்ச்சி என்றால் ஒரு குழாய் வைத்து வடிகாலுக்கு விடுங்கள். நின்ற பிறகும் சொட்டினால் இணைப்பு லீக். தாங்கியின் சேஃப்டி வால்வால் சூடேறும் நேரத்தில் கொஞ்சம் சொட்டுவதும் சரிதான், தண்ணீர் சூடானால் விரியும். நாள் முழுக்கச் சொட்டினால் அழுத்தம் கூட, அல்லது வால்வின் இருக்கையில் மண். வால்வின் வாயை ஒருபோதும் அடைக்க வேண்டாம்.

“மழை வந்தால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது”

ஹீட் பம்ப், எலிமென்ட், சோலர் பம்ப் மூன்றையும் தனித்தனியாக அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டு எது விழுத்துகிறது என்று பிடியுங்கள். அனேகமாக எலிமென்ட்டோ மாடியில் மூடி சரியாக இல்லாத இணைப்புப் பெட்டியோதான். ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் பாஸை அப்படியே படியால் இறக்கிவிடுங்கள். ஷவருக்குக் கீழே நிற்கும் ஆளின் உயிர் அந்தச் சுவிட்சில் இருக்கிறது.

“கரண்ட் போய் வந்த பிறகு ஒன்றும் சரியில்லை”

2022 பங்குனியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தில் இந்த முறைப்பாடு மழையாகக் கொட்டியது. பற்றரி இல்லாத டைமர், கரண்ட் போன நேரமெல்லாம் நின்றுவிடும். மூன்று மணித்தியாலம் போனால் மூன்று மணித்தியாலம் பிந்தும். அப்புறம் பின்னேரம் ஓட வேண்டியது விலை கூடிய இரவு நேரத்தில் ஓடும். டைமரின் மணியைத் திருத்துங்கள், முடிந்தால் பற்றரி உள்ளதாக மாற்றுங்கள்.

கரண்ட் இல்லாதபோது கூரையில் வெயில் கொளுத்தினாலும் சாதாரண சோலர் இன்வேட்டர் வேலை செய்யாது. லைனில் வேலை செய்யும் ஆளைக் காப்பதற்காகவே அது அப்படி அமைந்திருக்கிறது, பழுது அல்ல. பற்றரியோடு உள்ள ஹைபிரிட் இன்வேட்டரில் ஹீட் பம்பைப் போட்டதும் எல்லாம் அணைந்தால், கொம்பிரசர் புறப்படும் கணத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு என்பதே காரணம். மெதுவாகப் புறப்பட வைக்கும் சாதனம் பூட்டலாம். புதிதாக வாங்குபவர்கள் வேகம் மாறும் கொம்பிரசர் உள்ளதைப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

“கொன்ட்ரோலர் 80 காட்டுகிறது, தண்ணீர் வெதுவெதுப்பு” (அல்லது மறுவளம்)

சென்சர். தாங்கியில் அதற்கென ஒரு சிறு துளைக்குழாய் இருக்கும். யாராவது வேலை செய்யும்போது வயர் இழுபட்டு, சென்சர் பாதி வெளியே வந்து காற்றின் சூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். முழுக்கத் தள்ளி, வயரைக் கட்டிவிடுங்கள்.

அப்படியும் பிழை என்றால் மல்டிமீற்றர் எடுங்கள். சென்சர் வயரைக் கழற்றி ஓம் அளவு பாருங்கள். பிடி 1000 வகை என்றால் பூச்சியத்தில் 1000 ஓம், 25 பாகையில் 1097, 60 பாகையில் 1232 அளவு வரும். சூடு ஏற ஏற கூடும். 10 கிலோ ஓம் என்டிசி வகை என்றால் 25 பாகையில் 10,000, சூடு ஏற ஏற குறையும். 60 பாகையில் இரண்டரை ஆயிரம் போல. எந்த வகை என்று கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் கொன்ட்ரோலர் கண்டபடி காட்டும். மாடியில் தட்டில் இருக்கும் சென்சர் பொய்யாகக் கூடக் காட்டினால், பம்ப் இரவிலும் சுற்றித் தாங்கியின் சூட்டை வானத்துக்கு விடும். காலையில் பச்சைத்தண்ணீர் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். வயர் இணைப்பில் பச்சைத் துரு பூத்திருந்தால் வெட்டி எறிந்து புதிதாக இணையுங்கள்.

“ஊருக்குப் போய் வந்தால் மாடியில் நீராவி”

நல்லூர்த் திருவிழாவுக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போனால், எடுப்பார் இல்லாமல் டியூப்பில் சூடு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் இல்லாத வெற்று டியூப் 200 பாகையைத் தாண்டும். போகுமுன் டியூப் வரிசையை வெயில் படாத துணியாலோ தகரத்தாலோ மூடிவிட்டுப் போங்கள். ஹீட் பம்பை அணையுங்கள். திரும்பி வந்து தாங்கி வெறுமை என்று கண்டால், மத்தியானத்தில் பச்சைத்தண்ணீர் விடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். சூரியன் விழுந்து, டியூப் ஆறிய பிறகு அல்லது விடியுமுன் நிரப்புங்கள். டியூப்புக்குள் நேரடியாகத் தண்ணீர் நிற்கும் வகையில் ஒரு டியூப் உடைந்தாலும் தாங்கி முழுக்கக் காலியாகும். உடைந்ததை மாற்றும்போது இறப்பர் வளையத்தையும் மாற்றுங்கள்.

“ஆனி, ஆடியில் சூடு குறைவு”

தென்மேற்குப் பருவ முகில் ஒரு காரணம். இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: ஜூனில் மத்தியானச் சூரியன் நம் தலைக்கு வடக்கே 16 பாகை சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே 30 பாகை. வடக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய மாடியோ தண்ணீர்த் தாங்கியோ டிசம்பரில் தொந்தரவு செய்யாமல், ஜூனில் நிழல் விழுத்தும். இடத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த மாதங்களில் ஹீட் பம்பின் நேரத்தை ஒரு மணித்தியாலம் கூட்டிவிட்டால் போதும்.

“தண்ணீரில் முட்டை நாற்றம்” அல்லது “மஞ்சள் நிறம்”

முட்டை நாற்றம் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர் வீடுகளில். தாங்கியை 60க்கு ஏற்றி, முழுக்க வடித்துக் கழுவுங்கள். திரும்ப வந்தால், தாங்கி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரையும் மக்னீசிய அனோட் கம்பியை அலுமினிய வகைக்கு மாற்றிப் பாருங்கள். மஞ்சள் நிறம் என்றால் அனோட் கம்பி தேய்ந்து தாங்கி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். கடலோரக் கிணற்று உப்புத் தண்ணீர் 304 வகை எவர்சில்வர் தாங்கியையும் ஊசித்துளையாகத் தின்னும். அங்கே குழாய்த் தண்ணீர் தவிர வேறெதையும் சுடுதண்ணீர்த் தாங்கிக்கு விட வேண்டாம்.

வெளிநாட்டு வீட்டிலிருந்து வரும் கேள்விகள்

சூரிச்சிலோ டொராண்டோவிலோ இருக்கும் பிள்ளை வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ‘மாமா, இது என்ன பிழை?’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிக் கேட்கும் வீடுகளில் இருப்பது நிலத்துளையில் இயங்கும் ஹீட் பம்பும் கூரை சோலரும். உங்கள் பங்குக்கு இரண்டு எண்களைக் கேளுங்கள்: நிலத்திலிருந்து வரும் திரவத்தின் சூடு, நிலத்துக்குத் திரும்பிப் போகும் திரவத்தின் சூடு.

இரண்டுக்கும் வித்தியாசம் 3, 4 பாகை என்றால் ஓட்டம் சரி. 7, 8 என்றால் திரவம் மெதுவாக ஓடுகிறது. வடிகட்டி, காற்று, பம்ப் என்ற ஒழுங்கில் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சரியாக இருந்தும் இரண்டு எண்ணும் ஒவ்வொரு குளிர்காலமும் முந்தியதைவிடக் கீழே இறங்குகின்றன என்றால், துளை போதாது. திரும்ப நிரம்புவதைவிட அதிக வெப்பத்தை நிலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சோலர் தட்டுச் சூட்டைக் கோடையில் நிலத்துக்குள் திருப்பி விடுவது இதற்காகத்தான். 10, 15 பாகை நிலத்துக்குக் கொடுக்க அதிக வெயிலும் தேவையில்லை, வெதுவெதுப்பான தட்டே போதும்.

வெயில் அடிக்கும் இளவேனில் நாளில் மட்டும் ஹீட் பம்ப் தானே நின்றுவிடுகிறதா? சோலர் சூடு நேரே ஹீட் பம்பின் நிலப்பக்கத்துக்குள் வருகிறது. பல பெட்டிகள் அந்தப் பக்கம் 20, 25 பாகையைத் தாண்டினால் நின்றுவிடும். இடையில் கலப்பு வால்வு வேண்டும். சூடு போகும் வரிசையையும் பார்க்கச் சொல்லுங்கள்: முதலில் வீட்டுத் தாங்கி, அது நிறைந்தால் ஹீட் பம்பின் நிலப்பக்கம், அதற்கும் பிறகுதான் நிலம். தாங்கி ஆறிக் கிடக்கும்போது நிலத்துக்குச் சூடு போனால் கொன்ட்ரோலரில் வரிசை மாறியிருக்கிறது.

சோலர் குழாயில் ஓடும் உறையாத் திரவத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் படம் அனுப்பச் சொல்லலாம். கறுத்து, கருகிய மணம் அடித்தால் கோடையில் அது கொதித்துக் கெட்டிருக்கிறது. அமிலமாகிக் குழாயைத் தின்னுமுன் வடித்து, கழுவி, புதிதாக நிரப்ப வேண்டும். அது அங்குள்ள தொழில்நுட்பவியலாளரின் வேலை.